அத்திக்காயின் வாசல்

முறத்தால் காற்றை அள்ளி வீசுவதுபோன்ற ஓர் ஓசை. மரமும் பறவையும் பூச்சியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலைக்குக் கிழக்கே தனியாக நின்ற அத்திமரத்தின் முதல் நினைவு அதுதான். இருவாட்சியின் சிறகொலி. மேற்கு மலைக்காட்டில் தின்ற பழத்தின் விதையை அந்தப் பறவைதான் இந்த ஓடைக்கரையில் எச்சமிட்டுப் போயிருந்தது.

மரம் வளர்ந்தது. அடிமரமெங்கும் காய்த்தது. ஒன்றும் பழுக்கவில்லை, எல்லாம் வெம்பி உதிர்ந்தன.

"என்னடி, இந்த வருஷமும் வெறும் வயித்தோடதான் அனுப்பப்போறியா?" என்றது இருவாட்சி.

"நான் என்ன செய்யட்டும்?"

"உங்கம்மா மரத்துல கடுகளவு குளவிங்க உண்டு. ஒருத்தி காய்க்குள்ள போய் அங்க ஒளிஞ்சிருக்கிற பூவைத் தொட்டாத்தான் பழுக்கும். அடுத்த வருஷமும் பழம் இல்லேன்னா எங்க கூட்டம் இந்தப் பக்கமே வராது. அப்புறம் உன் விதையை யார் சுமப்பா? ஒருத்தியாவே நின்னு பட்டுப்போக வேண்டியதுதான்."

அதன்பின் அத்திக்கு நிம்மதியில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் காய்களின் மணத்தை அதில் ஏற்றி அனுப்பியது. இலை அசைந்தாலும் குளவிதானோ என்று பதறியது.

மேல்காற்று வீசிய ஒரு காலையில் குளவி வந்தாள், களைத்துப்போய்.

"முட்டை வைக்க இடம் இருக்கா அக்கா? அங்கே ஒரே நெரிசல்."

"எல்லாக் காயும் உனக்குத்தான் தங்கச்சி. இங்கேயே இருந்துடேன்."

"வச்சதும் கிளம்பிடுவேன். பேச்சுத் துணைக்குக்கூட இங்கே ஆள் இல்லையே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அத்திக்கு அடிவேர்வரை பயம் இறங்கியது. போய்விட்டால்?

அப்போதெல்லாம் அத்திக்காயின் வாசல் அகலம். போக வர எளிது. குளவி பாதி நுழைந்திருந்தாள். முழுவதும் உள்ளே போகட்டும் என்று காத்திருக்கக்கூட மரத்துக்குப் பொறுக்கவில்லை. வாசலைச் சுற்றியிருந்த செதில்களை ஒவ்வொன்றாக மூடி இறுக்கியது. இரண்டு சிறகும் முறிந்து வெளியே விழுந்தன.

"அக்கா, வாசல் ஏன் இறுகுது?"

"மழை வரும்போல இருக்கு."

சிறகில்லாமலே அவள் பூவுக்குப் பூ ஊர்ந்தாள். முட்டை வைத்தாள். ஊர்கிற ஓசை தேய்ந்து, நின்றது. மரம் வாசலைத் திறக்கப் பார்த்தது. செதில்கள் அசையவில்லை.

காய் சிவந்தது. முட்டைகளிலிருந்து பிறந்த ஆண்பிள்ளைகள் சுவரைத் துளைத்துக்கொடுக்க, பெண்பிள்ளைகள் வெளியே வந்தார்கள்.

"எங்கம்மா எந்தப் பக்கம் போனாங்க பெரியம்மா?"

அதற்குப் பிறகு மரம் யாரிடமும் பேசவே இல்லை.

அந்தப் பெண்கள் நுழைந்த காய்களெல்லாம் பழுத்தன. இருவாட்சிகள் தின்று, ஓடை நெடுக அத்தியை விதைத்தன.

அன்று தொட்டு எல்லா அத்திக்காயின் வாசலும் இறுகியே இருக்கிறது; அதனால்தான் அத்திக்குள் நுழையும் குளவி தன் சிறகுகளை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறாள். முதலில் வந்தவள் அந்தக் காய்க்குள்ளேயே இறந்தாள்.