கியர் ஆயிலும் கட்டைவிரலும்

"இதுல குச்சியே இல்லையே. அப்புறம் எப்படித்தான் அளவு பார்க்கிறது?"

காருக்கு அடியில், பட்டறைக் குழிக்குள் நின்றபடி கேட்டான் தவசி.

இன்ஜின் என்றால் உருவிப் பார்க்க ஒரு குச்சி இருக்கும். கியர் பெட்டிக்குக் கிடையாது. பக்கவாட்டில் ஒரு திருகாணி, கழற்றினால் ஒரு துளை. அவ்வளவுதான்.

குரு மேலே ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். வனராணி. தவசியின் கொழுந்தியாள். போடியில் அந்தப் பட்டறை அவளுடையது.

அவன் சீடனானது ஆசைப்பட்டு இல்லை, பெண்டாட்டி மயில் போட்ட உத்தரவு. வாங்கியது பழைய கார். கைக்குழந்தையோடு மலைமேல் இருக்கும் அவன் வீட்டுக்கு ஏற வேண்டும். மேலே பட்டறை கிடையாது. அவனே கியர் ஆயில் பார்த்து, சரி என்று தங்கச்சி சொல்லாதவரை, பிரசவத்துக்கு வந்த அம்மா வீட்டு வாசலைத் தாண்ட மாட்டாளாம்.

மகளைப் பக்கத்தில் போட்டு அவன் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை. இன்றைக்கே கூட்டிப் போயாக வேண்டும்.

"விரலை விடுங்க மாமா."

விட்டான். துளைக்குக் கொஞ்சம் கீழேதான் ஆயில் விரலில் தட்டியது.

"எதுவரைக்கும் இருக்கணும்?"

"துளை வாய் வரைக்கும்."

"அதுக்கு மேல?"

குரு முறுக்கைக் கடித்தாள். கூடினால் பாதி மலையில், ஆயிலை அடைத்து வைக்கும் ரப்பர் சீலைப் பிதுக்கிக்கொண்டு ஒழுகும் என்று காலையிலேயே சொல்லியாயிற்று. அவன் மண்டையில் ஏறவில்லை.

பம்ப்பால் ஏற்றினான். ஆயில் வாய்க்கு வந்தது, வழிந்தது. நிறுத்தியிருக்கலாம். மலையாச்சே, வளைவாச்சே, பிள்ளையாச்சே என்று இன்னும் நாலு அழுத்து அழுத்தி, வெளியே வருவதற்குள் கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டான்.

"அந்தத் திருகாணியைக் குடு தாயி. சீக்கிரம்."

குரு குழிக்குள் இறங்கி வந்தாள். திருகாணியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அவன் கெஞ்சினான். விரல் மரத்துப்போச்சு என்றான். கொழுந்தியாளாகப் பிறந்தவளுக்கு ஈரமே கிடையாதா என்றான். அவள் பாட்டுக்கு அக்காவுக்கு ஃபோன் போட்டு, பிள்ளை முழித்திருக்கிறாளா என்று கேட்டாள். ஸ்பீக்கரைப் போட்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஃபோனுக்குள்ளேயிருந்து மகள், "ங்கா" என்றாள்.

தவசி இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.

ஆயில் அவன் தோளில் கொட்டியது, சட்டைக்குள் ஓடியது. அவன் பாட்டுக்குக் கொஞ்சிக்கொண்டிருந்தான். கொட்டியது நூலாக மெலிந்தது. பிறகு சொட்டு. பிறகு அதுவும் நின்றது.

"வண்டி என்னாச்சுங்க?" மயிலின் குரல்.

தவசி நிமிர்ந்து பார்த்தான். துளை வாய் மட்டத்தில் ஆயில் பளபளவென்று, அசையாமல் நின்றது. யாரும் அடைத்துப் பிடிக்கவில்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆயில் முகத்தோடு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவர் சிரிச்சா ஆச்சா? நீ சொல்லுடி," என்றாள் மயில்.

வனராணி திருகாணியை அவன் கையில் வைத்தாள்.

"மேல குளிரும். பிள்ளைக்குத் தொப்பியைப் போடுக்கா."