ருசி பார்த்த கடியாரம்

கீழைக்குறிச்சி என்று ஒரு சமஸ்தானம். தேடிக்கொண்டு போகாதீர்கள், வரைபடத்தில் மடிப்பு விழுகிற இடத்தில் இருந்தது, எப்போதோ கிழிந்துவிட்டது. அதன் ராஜா பூபதியார் ஒரு விருந்துக்குத் தாமதமாகப் போய்விட்டார். அங்கே காத்திருந்த வெள்ளைக்காரத் துரை இடுப்புச் சங்கிலியை இழுத்தார், தங்கக் கடியாரத்தைத் திறந்து பார்த்தார், மூடினார். அவ்வளவுதான். ராஜாவுக்கு அதற்கப்புறம் பல நாள் சோறு இறங்கவில்லை.

"தை மாதம் துரை இங்கே வருகிறார். அதற்குள் அதைவிட உசத்தியான கடியாரம் என் சங்கிலியில் தொங்க வேண்டும்" என்றார் சபையில்.

பொக்கிஷ அதிகாரி அனந்தப்பர் முந்திக்கொண்டார். "பட்டணத்தில் என் மச்சினர் சீமைக் கடை ஏஜெண்டு, மகாராஜா. பெட்டி பிரிக்காத புதுக் கடியாரம் ஒன்று அவர் கைவசம் இருக்கிறது. முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிட்டால் பெட்டி வந்துவிடும்."

அரண்மனைக் காரியஸ்தர் தாண்டவராயர் தொண்டையைக் கனைத்தார். ராஜாவின் குளியல் முதல் குதிரை வரைக்கும் அவர் பொறுப்பு. "போன வருஷம் காலமான மேல்மலை ஜமீன்தாரின் கடியாரம் பாதி விலைக்கு வருகிறது, மகாராஜா. துரை வைத்திருப்பதைவிட உசத்தி. பின்மூடியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் செய்தபோது வைத்த சக்கரம், ஒன்றைக்கூட மாற்றவில்லை. மகாராஜாவின் மனசு தெரிந்து அதை இரவல் வாங்கி, ஒரு மாசமாக நம் கோட்டையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போடும் பீரங்கிக் குண்டோடு ஒத்துப் பார்க்கிறேன். குண்டுதான் முன்னே பின்னே வெடிக்கிறது."

அனந்தப்பர் விடுவாரா? "செத்தவர் இடுப்பில் கிடந்ததையா மகாராஜாவுக்குக் கொடுப்பது? நாளைக்கு அவருடைய பழைய வேட்டியும் வரும் போலிருக்கிறது."

அந்தப் பேச்சு ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "தாண்டவராயரே, இன்னொருத்தன் அனுபவித்த சாமான் எதுவும் இனி என் பக்கம் வரக்கூடாது. எதிலும் முதல் கை என் கையாக இருக்க வேண்டும். தப்பி ஒன்று வந்தால் நீர் காரியஸ்தர் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்ச் சேரும்."

தாண்டவராயர் வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். அந்த வீடும் சமஸ்தானத்து வீடு. இந்த வயதில் வேறு எந்த அரண்மனை அவரைச் சேர்த்துக்கொள்ளும்? ஆனால் அனந்தப்பர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்த தினுசைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

"எதுவும் என்றால் எதுவும்தானே, மகாராஜா?"

"எதுவும்தான்."

"உத்தரவு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ராஜாவுக்குப் புதுச் செருப்பு வந்தது. வழக்கமாக ஒரு காவல்காரன் அதைச் சில நாள் போட்டு நடந்து, தோல் இளகிய பிறகுதான் ராஜாவிடம் வரும். அன்றைக்குத் தைத்த கையோடு வந்தது. கோயில் வாசல் வருவதற்குள் ராஜாவின் குதிகாலில் தோல் வழன்றுவிட்டது.

"என்ன ஓய், இப்படிக் கடிக்கிறது?"

"புதுசு, மகாராஜா. வேறு யார் காலும் படவில்லை."

சரி, குதிரையில் திரும்பலாம் என்றால் வழக்கமான வெள்ளைக் குதிரையைக் காணோம். அது குதிரைக்காரன் ஏறிப் பழக்கியதாம். வாசலில் ஒரு கறுப்புக் குதிரை கட்டியிருந்த தூணைக் கடித்துக்கொண்டு நின்றது. "இதன் முதுகில் இதுவரைக்கும் ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை" என்றார் தாண்டவராயர் பணிவாக. ராஜா குதிரையைப் பார்த்தார். குதிரை ராஜாவைப் பார்த்தது. ராஜா அந்தக் காலோடு நடந்தே அரண்மனை வந்து சேர்ந்தார்.

மத்தியானம் இலை போட்டாயிற்று. அந்த அரண்மனையில் மாரப்பன் என்று ஒருவன் உண்டு. எல்லாவற்றிலும் முதல் வாய் அவன் தின்று, கொஞ்ச நேரம் உயிரோடு உட்கார்ந்திருந்தால்தான் ராஜா கை வைப்பார். ராஜாவின் சித்தப்பா பாயசத்தில் போனதிலிருந்து வந்த வழக்கம் அது.

"மாரப்பன் எங்கே?"

"லீவு கொடுத்துவிட்டேன், மகாராஜா. அவன் தின்ற மிச்சத்தையா இத்தனை வருஷம் பரிமாறினோம் என்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்றைக்கு முதல் கை மகாராஜாவின் கைதான்."

ராஜா பாயசத்தைப் பார்த்தார். சித்தப்பா ஞாபகம் வந்தது. அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த அனந்தப்பரைப் பார்த்தார். அனந்தப்பர் அவசரமாக மோர்மிளகாயைப் பார்த்தார்.

"மாரப்பனைக் கூப்பிடும்."

"அவன் கை வைத்தால் பழசாகிவிடுமே, மகாராஜா."

"பழசாகவே இருக்கட்டும் ஓய். பசி உயிர் போகிறது."

மாரப்பன் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். நிதானமாகத் தின்றான். பாயசத்தை மட்டும் சந்தேகத்துக்கு இன்னொரு தரம் வாங்கிக் குடித்தான். சாகவில்லை. ராஜா சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "இப்போது சொல்லும்" என்றார்.

"சொல்ல என்ன இருக்கிறது, மகாராஜா? மகாராஜாவின் உடம்பில் படுகிற எல்லாவற்றையும் ஒருத்தன் முன்னாலேயே பழக்கித் தருகிறான். கடியாரத்துக்கு அப்படி ஆள் போட நமக்கு நாள் இல்லை. மேல்மலை ஜமீன்தார் சம்பளமே வாங்காமல் முப்பது வருஷம் அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறார்."

அனந்தப்பர் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். "ருசி பார்த்த ஆள் செத்துப்போனாரே, மகாராஜா."

ராஜாவின் வெற்றிலை பாதி வழியில் நின்றது. "ஆமாம். எப்படிப் போனார்?"

"எண்பத்தாறு வயதில், பேரன் பேத்தி எல்லாரும் சுற்றி நிற்க. எத்தனை மணிக்குப் போனார் என்று அந்தக் கடியாரத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அது நிற்கவில்லை."

ராஜா வெற்றிலையை மென்று முடித்தார். "மேல்மலைக் கடியாரத்தை வாங்கும். உம்முடைய வேலை உம்முடையதே. என் காலைக் கடிக்கவிட்டதற்குத் தண்டனை, அந்தச் செருப்பை நீரே போட்டுப் பழக்கிக் கொடும்."

தாண்டவராயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே செருப்பை மாட்டிக்கொண்டார். நன்றாகவே கடித்தது.

ராஜா அனந்தப்பர் பக்கம் திரும்பினார். "உமது மச்சினர் கடியாரத்திலும் குற்றம் இருக்காது. ஆனால் அரண்மனை வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. உமது பணத்தைக் கட்டி நீரே அதை வாங்கும். முப்பது வருஷம் இடுப்பில் மாட்டிப் பாரும். அதற்கப்புறமும் நீரும் கடியாரமும் ஓடிக்கொண்டிருந்தால்" என்று சொல்லி, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார், "பாதி விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்."