தூண்டில் இல்லாத சனிக்கிழமை

“மூண்டு ஆறு, ரெண்டு நாள். எந்த ஆத்துக்குப் போறது, ரீச்சர்?”

கேட்டவர் அருளம்பலம். வயது ஐம்பத்தொன்பது.

ரீச்சர் என்று அவர் அழைத்த பிலோமினாவுக்கு நாற்பத்தொன்று.

பிலோமினா தலை நிமிரவில்லை. சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். கத்தி நுனியை இடுக்கில் நுழைத்து ஒரு திருப்பு. சிப்பி வாய் திறந்தது.

“மூண்டையும் முந்திப் பாத்திருக்கிறியளோ, அண்ணை?”

“இல்லை. ஒண்டையும் பாத்ததில்லை.”

“பழகின ஆறு ஒண்டு இருக்குத்தானே.”

“பழகின ஆறு மூண்டு குளிர்காலமா எனக்கு ஒண்டும் தரேல்லை. பழகாத ஆறு தரும்.”

பிலோமினா அடுத்த சிப்பியை எடுத்தார்.

யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்தவர் அவர். இப்போது கனடாவின் மேற்கு ஓரத்துத் தீவொன்றில், கடலையொட்டிய சிப்பிக் கொட்டகையில் வேலை. வேலையில்லாத நாட்களில் ஆற்றில் நிற்பார். அந்த ஊர்த் தமிழர் நாலு பேருக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தார். மூன்று பேர் குளிருக்குப் பயந்து நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர் அருளம்பலம்.

அவர் தேடிப் போன மீனுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். ஆற்றில் பிறக்கும். கடலுக்குப் போய் வளரும். நடுக்குளிரில், மழை பெய்து தண்ணீர் ஏறி வடியும் நேரம் பார்த்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். புதுத் தகரம் போல மினுங்கும் என்பார்கள். அந்தப் பக்கத்து ஆறுகளில் அதைப் பிடிப்பவர் வைத்துக்கொள்ளக் கூடாது. பிடித்த கையோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அது சட்டம்.

அந்தச் சட்டம்தான் அருளம்பலத்தைக் கெடுத்தது.

முதல் நாள் ஆற்றிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தபோது மனைவி புவனம் கேட்டாள்.

“பிடிபட்டதோ?”

“ரெண்டு. விட்டிட்டன்.”

வாய் தவறி வந்த சொல்தான். ஆனால் அது வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்த கிழமை மூன்று மீன். அதற்கடுத்த கிழமை, இவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மூன்று குளிர்காலத்தில் அவர் சொல்லிப் பிடித்த மீன் நாற்பதுக்கு மேல். கண்ணால் கண்டது ஒன்றுமில்லை.

இது பிலோமினாவுக்குத் தெரியும். புவனத்துக்குத் தெரியாது.

“இந்தமுறை என்ன இவ்வளவு அவசரம்?” என்று கேட்டார் பிலோமினா.

“புவனமும் வாறா.”

கத்தி நின்றது.

“செவ்வாய்க்கிழமை அவவுக்கு இருதயத்தில ஒப்பரேஷன். அதுக்கு முந்தி ஒருக்கா அந்த மீனைக் காட்டுங்கோ எண்டு கேட்டவ. மெல்ல மெல்ல நடக்கலாம் எண்டு டொக்டரும் சொல்லிப்போட்டார். முப்பத்தொரு வருஷத்தில அவ என்னட்டை வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான். எனக்கு ஒரு மீன் வேணும், ரீச்சர். கட்டாயம் வேணும்.”

சொல்லிவிட்டு, மேசையின் ஈரமில்லாத மூலையில் தடித்த கோப்பு ஒன்றை வைத்தார்.

அருளம்பலம் இருபத்தாறு வருஷம் பஸ் நேர அட்டவணை போட்டவர். அவர் போட்ட அட்டவணையில் பஸ் பிந்தினால் அது பஸ்ஸின் பிழை. கோப்பில் பதினொரு பக்கம் இருந்தது. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். சனிக்கிழமை 5.10 புறப்பாடு. 7.35 முதலாம் ஆறு. 7.50 முதல் வீச்சு. 10.20 இரண்டாம் ஆறு. மழை பெய்தால் ஒரு பக்கம். காற்றடித்தால் ஒரு பக்கம்.

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். அவசரப்படாமல் வாசித்தார். ஒரு பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“வடிவாய்ச் செய்திருக்கிறியள்.”

அருளம்பலத்தின் முகம் மலர்ந்தது.

“ஆறு இதை வாசிச்சிட்டுதோ?”

அவர் ஒரு பிளாஸ்டிக் உறையை நீவிவிட்டார்.

“புவனமக்கா எத்தினையாம் பக்கத்தில வாறா?”

“ஒன்பதாம் பக்கம். இஞ்ச பாருங்கோ. மடக்குக் கதிரை, கம்பளி, சுடுதண்ணிப் போத்தல்.”

“அது அவ இருக்கப்போற கதிரை. அவ எங்க?” என்றார் பிலோமினா.

கொட்டகைக்கு வெளியே அலை வந்து போயிற்று.

“தூண்டில் எங்க?”

“காரில.”

“கொண்டு வாங்கோ.”

நைலோன் நரம்பு சுற்றிய சுருளில் ஏதாவது பழுது பார்க்கப் போகிறார் என்று நினைத்து ஓடிப்போய்க் கொண்டுவந்தார். பிலோமினா அதை வாங்கினார். நரம்பை விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு சுவரில் உயரமாக இருந்த இரண்டு ஆணிகளின் மேல் படுக்கையாக வைத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை விடிய வந்து எடுங்கோ.”

“நாளைக்கு?”

“நாளைக்குத் தூண்டில் இல்லை.”

“ரீச்சர், இருக்கிறது ரெண்டே ரெண்டு நாள்!”

“ஓம்.”

“அதில ஒண்டை வெறுங்கையோட…”

“பாக்காத ஆறு, அண்ணை. பாருங்கோ.”

அடுத்த சிப்பி மேசைக்கு வந்தது. கத்தி இடுக்கில் நுழைந்தது. அருளம்பலம் ஆணியில் கிடந்த தூண்டிலைப் பார்த்தார். கோபம் வந்தது. கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வழியில் தூண்டில் கடை திறந்திருந்தது. காரை நிறுத்தினார். இன்னொரு தூண்டில் வாங்க ஐந்து நிமிடம் போதும். அட்டவணையும் தப்பிவிடும்.

மூன்று வருஷத்தில் பிலோமினா வீணாக ஒரு சொல் சொன்ன நாள் உண்டா என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

கடைக்குள் போகாமல் வீட்டுக்குக் காரை எடுத்தார்.

“தூண்டில் எங்க?” என்று புவனம் கேட்டாள்.

“ரீச்சர் திருத்த வாங்கி வைச்சிருக்கிறா. நாளைக்குச் சும்மா பாத்திட்டு வருவம்.”

அதுவும் பொய்தான்.

*

சனிக்கிழமை 7.35க்கு முதலாம் ஆற்றை அடைந்தார்கள். அட்டவணை சரியாக இருந்தது. ஆறு சரியாக இல்லை.

மலையில் பெய்த மழையெல்லாம் அதில் வந்துகொண்டிருந்தது. தேத்தண்ணீர் நிறம். முழு மரமொன்று வேரோடு உருண்டு போனது.

“இதுக்குள்ளேயோ இறங்கி நிக்கிறனியள்?” என்றாள் புவனம்.

“இதுக்குள்ள ஒருத்தரும் இறங்கேலாது.”

திரும்பினார்கள்.

இரண்டாம் ஆறு சின்னது. அங்கே தண்ணீர் முதல் நாளே ஏறி, இப்போது வடிந்துகொண்டிருந்தது. அடியில் கல் தெரியும் பச்சை. தேவதாரு மரங்களுக்குள்ளே ஒற்றையடிப் பாதை ஆற்றோடு கூடப் போயிற்று. தூறல் விழுந்தது.

அருளம்பலம் எப்போதும் முன்னால் நடப்பவர். ஒரு கையில் தூண்டில், மறு கையில் பெட்டி, மனதில் மணிக்கூடு. இன்றைக்குக் கை இரண்டும் சும்மா தொங்கின. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

புவனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பது அடி நடப்பாள். நிற்பாள். அவரும் நிற்பார். முதல் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாம் தடவை பார்ப்பதற்கு ஆறுதான் இருந்தது.

அந்தப் பக்கத்துக் கரையோரம் தண்ணீர் வேகமாக ஓடியது. இந்தப் பக்கம் மெதுவாக நடந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுரை ஒரு கோடாகப் போயிற்று. சாம்பல் நிறக் குருவியொன்று கல்லில் நின்று முழங்காலை மடித்து மடித்து எழும்பியது. பிறகு தண்ணீருக்குள்ளே நடந்து போய், வேறொரு கல்லில் ஏறி வந்தது.

“இதென்ன குருவி?”

“தெரியேல்லை. நான் காணேல்லை முந்தி.”

மூன்று குளிர்காலம் ஆற்றுக்குள் நின்றவர் அவர். கண் முழுக்க மிதப்புக்கட்டையில் இருந்தது.

ஒரு வளைவில் பெரிய மரமொன்று கரையில் விழுந்து கிடந்தது. புவனம் அதில் உட்கார்ந்தாள். அருளம்பலம் பக்கத்தில் நின்றார். உட்கார்ந்து பழக்கமில்லை.

“குளிருதோ?”

“இல்லை. நல்லாயிருக்கு.”

தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. புவனம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்தக் கல்லு அசையுது.”

“கல்லு அசையாது.”

“அசையுது. அங்க. நுரைக்கு இஞ்சால.”

அவர் பார்த்தார். கல்தான் தெரிந்தது. குனிந்து, அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து, அவள் நீட்டிய விரல் வழியே பார்த்தார்.

கற்களுக்கு மேலே, கற்களின் நிறத்தில், ஒரு கை நீளத்தில் ஏதோ நின்றது. தண்ணீர் ஓடியது. அது ஓடவில்லை. வால் மட்டும் மெல்ல ஆடியது.

திடீரென்று ஒருக்களித்தது. பச்சைக்குள் ஒரு வெள்ளி வெளிச்சம். பிறகு மறுபடியும் கல்.

அருளம்பலம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“இதுதானோ அது?” புவனத்தின் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. “நீங்கள் பிடிக்கிற மீன் இதுதானே?”

‘ஓம்’ என்ற சொல் நாக்கில் ஆயத்தமாக இருந்தது. நாற்பது தடவை சொல்லிப் பழகிய நாக்கு.

“தெரியாது,” என்றார். “நான் ஒருநாளும் கண்டதில்லை.”

புவனம் திரும்பிப் பார்க்கவில்லை. கண் மீனில் இருந்தது.

“ஒண்டு கூடவோ?”

“ஒண்டு கூட.”

“கை விரிச்சுக் காட்டினியளே.”

“காட்டினனான்.”

அவள் எழும்பிப் போகவில்லை. மீனும் போகவில்லை.

“அப்ப மூண்டு வருஷமா வந்து என்ன செய்தனியள்?”

“மழையில நிண்டனான்.”

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் எடுத்தது. அவர் முதுகைத் தடவிவிட்டார்.

“மீனும் இல்லை,” என்றாள், மூச்சைச் சேர்த்துக்கொண்டு. “பிறகேன் ஒவ்வொரு கிழமையும் வந்தனியள்?”

இதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. பிலோமினாவும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சுற்றுவதற்குக் கையில் சுருள் இல்லை. மாற்றிக் கட்டுவதற்குத் தூண்டில்முள் இல்லை.

“டொக்டர் உம்மட இருதய வருத்தத்தைச் சொன்ன கிழமைதான் நான் தூண்டில் வாங்கினனான்.”

“ஓம். ஞாபகமிருக்கு.”

“வீட்டில இருந்தால் உம்மட மூச்சுக் கேக்கும். இழுத்து இழுத்து. ஒவ்வொண்டா எண்ணிக்கொண்டிருப்பன். அடுத்தது வருமோ வராதோ எண்டு.”

நிறுத்தினார்.

“எனக்கு ஏலாமல் போச்சு, புவனம். ஆத்துச் சத்தத்தில அது கேக்காது. அதுக்குத்தான் வந்தனான்.”

ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

புவனம் மரத்தில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். அவர் கோட்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அவர் முகம் அவள் முகத்துக்குக் கிட்ட வந்தது.

“இப்ப கேக்குதோ?”

அருளம்பலம் காது கொடுத்தார். தண்ணீர். தேவதாரு இலைகளில் தூறல். எல்லாவற்றுக்கும் கீழே, மிகக் கிட்டத்தில், ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். பிறகு இன்னொரு இழுப்பு.

“கேக்குது.”

“அப்ப இருங்கோ,” என்றாள் புவனம்.