உள்ளங்கை வளர்ந்த கரடி

மூடுபனி மலையில் ஒரு குளம். குளத்தின் மேல்கரையில் ஒரு குகை. அந்தக் குகையில் சடையன் என்றொரு கரடி, பெண்டாட்டி கரும்பாயியோடும் குட்டிகளோடும் குடியிருந்தது. வாசலில் உருளைக்கிழங்குத் தோட்டம். மழை பிடித்துக்கொண்டால் மலையில் தேனும் கிடைக்காது, கறையானும் கிடைக்காது. அந்தக் கிழங்குதான் வீட்டுக்கே சோறு.

சடையன் சோம்பேறி இல்லை. பாத்தி வெட்டும், களை கொத்தும், செடிக்கு மண் அணைக்கும். அதுவரைக்கும் எல்லாம் சரிதான். அறுவடை அன்றைக்குத்தான் அதன் புத்தி வயிற்றுக்குள் இறங்கிவிடும்.

தோண்டிய கிழங்கைக் குவித்துவைத்து நடுவில் சம்மணம் போட்டு உட்காரும். பெரிசு பெரிசாகப் பார்த்துப் பொறுக்கித் தின்னும். அப்புறம் நடுத்தரம். கடைசியில், நோஞ்சான் செடியில் காய்த்த பொடிக்கிழங்கு நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும். ஏமாந்தால் மூக்குக்குள் ஏறிக்கொள்ளும், அவ்வளவு பொடிசு. அதைக் காலாலேயே மூலைக்குத் தள்ளி, "இது விதைக்கு!" என்று ஏப்பம் விடும்.

"ஏனுங்க, விதைக்கு நல்லதாப் பார்த்து எடுத்து வைக்கக் கூடாதா?" என்று கரும்பாயி கேட்கும்.

"மண்ணுக்குள்ள போடறதுக்கு எதுக்குப் புள்ள அழகு? மண்ணு என்ன பொண்ணு பார்க்கவா வருது?" என்று சடையன் கையை நக்கிக்கொண்டே சொல்லும்.

முதல் வருசம் ஒரே ஒரு கிழங்கு சடையனின் உள்ளங்கையை நிறைத்தது. மறு வருசம் அதே கையில் ரெண்டு பிடித்தது. அதற்கு மறு வருசம் அள்ளினால், நெல்லிக்காய் மாதிரி விரலிடுக்கில் எல்லாம் உருண்டு ஓடியது.

சடையன் கையை விரித்துப் பார்த்தது. மூடிப் பார்த்தது. வெயிலில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அப்புறம் குகை அதிரக் கத்தியது.

"அடியே கரும்பாயி! ஓடி வா! என் கை வளர்ந்துருச்சு!"

"என்னது?"

"பாரு! போன வருசம் ரெண்டு பிடிச்ச கையில இப்ப ஒரு கூடையே பிடிக்குது! கை மட்டுமா வளரும்? மொத்தமா வளர்ந்துட்டேன்!"

கரும்பாயி கிழங்கைப் பார்த்தது. புருசனைப் பார்த்தது. "கிழங்கு சிறுத்திருக்குங்க."

"கிழங்கு எப்படிச் சிறுக்கும்? நான் அதே மண்ணுலதானே போட்டேன்!"

"அவ்வளவு வளர்ந்திருந்தா குகை வாசல்ல தலை இடிக்கணுமே?"

சடையன் கொஞ்சம் யோசித்தது. "குகையும் வளர்ந்திருக்கு. இத்தனை வருசமா என்னோட இருக்குதில்ல?"

"அப்ப நான்?"

"நீ என் பொண்டாட்டி. கூடவே வளர்ந்திருப்ப."

"அப்ப நம்ம குட்டிகளோட பசியும் வளர்ந்திருக்கு! மழை வருது. இந்தச் சுண்டைக்காயை வச்சு எத்தனை நாள் ஓட்டறது?" கரும்பாயிக்கு அழுகையே வந்துவிட்டது.

சடையன் சாட்சி தேடி வெளியே வந்தது. புதரடியில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது.

"ஏ முயலு! நான் பெரிசா இருக்கேனா?"

"ரொம்பப் பெரிசா இருக்கீங்க!" என்றது முயல், நடுங்கிக்கொண்டே.

"போன தடவை பார்த்ததை விடவா?"

"போன தடவை நான் ஓடிட்டேனுங்க. சரியாப் பார்க்கலை." சொல்லிவிட்டு இந்தத் தடவையும் ஓடிவிட்டது.

சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு பெரிய உடம்புக்குக் கிழங்கு எப்படிப் பத்தும்? இனி நமக்கு யானைப் பங்குதான் சரி!" என்று முடிவு கட்டியது. குளக்கரையில் ஒரு நாவல் மரம் உண்டு. பழம் உதிர்கிற காலத்தில் ஒற்றைக்கொம்பன் யானை அதன் அடியில் நின்றால், வேறொருவரும் கிட்டே போவதில்லை.

சடையன் ரெண்டு கை நிறையப் பொடிக்கிழங்கை அள்ளிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பியது. "வேணாங்க! மிதிச்சுருவாருங்க!" என்று கரும்பாயி குட்டிகளோடு பின்னாலேயே ஓடிவந்தது.

"யானையாரே! நகருங்க!" என்றது சடையன்.

யானை காதை ஆட்டியது. ஈ என்று நினைத்திருக்கும்.

"உங்களைத்தான்! இந்த மரம் இனிமே எனக்கு. நான் உங்களை விடப் பெரிசாயிட்டேன்!"

யானை குனிந்து பார்த்தது. "யாருடா அது? சடையனா? நல்லாத்தானே இருந்தே! என்ன ஆச்சு?"

"வளர்ந்துட்டேன். இதோ அத்தாட்சி!" சடையன் வலது கையை நீட்டியது. "இதெல்லாம் உருளைக்கிழங்கு. முன்னெல்லாம் ஒண்ணே ஒண்ணு என் கையை நிறைக்கும். இப்ப பாருங்க!"

யானைக்கு வயசாகிவிட்டது, கண் பார்வை மட்டு. "கிழங்கா? எங்கேடா? ஒண்ணும் தெரியலையே!" என்று தும்பிக்கையைக் கிட்டே கொண்டுவந்து ஒரு இழுப்பு இழுத்து மோந்து பார்த்தது.

சடையன் நீட்டிய கையில் இருந்த அத்தனை கிழங்கும் தும்பிக்கைக்குள் போய்விட்டன.

யானை கண்ணை மூடியது. வாயைத் திறந்தது. "ஆ..." என்றது. நாவல் மரத்துக் குருவியெல்லாம் பறந்து ஓடின. "ஆ... ஆ..."

"என்னங்க, அழறீங்களா? தோத்தா அழக் கூடாது!" என்றது சடையன்.

"ஹச்ச்ச்!"

சடையன் பறந்தது! நாவல் மரத்துக்கு மேலே பறந்தது. குளத்துக்கு மேலே பறந்தது. "இவ்வளவு பெரிய உடம்பு எப்படிப் பறக்குது!" என்று தன்னையே மெச்சிக்கொண்டு பறந்தது. கடைசியில் கீழ்க்கரைத் தோட்டத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளாயி என்கிற முள்ளம்பன்றியின் முதுகில் போய் உட்கார்ந்தது.

அப்போது போட்ட அலறல் மலை முழுக்கக் கேட்டது.

துள்ளி உருண்டு கீழே விழுந்த சடையன், எதையாவது பிடித்து எழலாம் என்று வலது கையால் மண்ணைத் துழாவியது. ஒரு உருளைக்கிழங்கு அகப்பட்டது. எடுத்துப் பார்த்தால், அந்த ஒரு கிழங்கே உள்ளங்கையை அடைத்துக்கொண்டு இருந்தது!

"ஐயோ! சுருங்கிட்டேன்! யானை தும்மி என்னைச் சுருக்கிப்புட்டாரு!"

கரையைச் சுற்றிக்கொண்டு கரும்பாயியும் குட்டிகளும் ஓடி வந்தன. "கரும்பாயி, என்னைத் தூக்கி மடியில வச்சுக்க! காக்கா கொத்திட்டுப் போயிரும்!"

"மடியில வச்சா முள்ளு எனக்குல்ல குத்தும்! திரும்புங்க முதல்ல!" கரும்பாயி அதன் பின்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்க ஆரம்பித்தது.

முள்ளாயி முதுகைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. "ஏண்டா சடையா, இறங்கறதுக்கு வேற இடமே இல்லையா உனக்கு? அந்த இடது கையில என்ன?"

இடது கையைச் சடையன் இன்னும் மூடியே வைத்திருந்தது. திறந்தது. அதில் மிச்சப் பொடிக்கிழங்கு, ஒரு கும்பல்.

"ஆக, வலது கை சின்னதாப் போச்சு. இடது கை மட்டும் பெரிசாவே இருக்குது. அப்படித்தானே? எங்கே, ரெண்டையும் சேர்த்து வை!"

சடையன் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தது. விரலுக்கு விரல் சரியாக இருந்தது. இம்மி வித்தியாசம் இல்லை. கும்பிட்ட கையோடு முள்ளாயியைப் பார்த்தது.

"கை வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. கிழங்குதான் தேய்ஞ்சுபோச்சு," என்றது மெல்ல.

"நான் மூணு வருசமாச் சொல்றேன்!" என்று கரும்பாயி ஒரு முள்ளை வெடுக்கென்று பிடுங்கியது.

அப்போதுதான் சடையன் பார்த்தது. முள்ளாயியின் பாத்தியில் சில செடிகளின் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு முள் நட்டிருந்தது. "அது என்னக்கா?"

"செடி பச்சையா இருக்கறப்பவே நல்லா இருக்கறதாப் பார்த்து முள்ளு நட்டு வச்சுருவேன். அது விதைக்கு. அந்தச் செடிக் கிழங்கு காட்டுக்கோழி முட்டை அளவு இருந்தாலே போதும். நீ நோஞ்சான் செடிக்குப் பொறந்த நோஞ்சானையே திரும்பத் திரும்ப நட்டா, அது யானையையா பெத்துப் போடும்?"

"அக்கா, எனக்குக் கொஞ்சம் விதைக்கிழங்கு குடுங்க. பதிலுக்கு உங்க தோட்டம் முழுக்க நானே தோண்டித் தர்றேன். சத்தியமாத் திங்க மாட்டேன்!"

"உன் சத்தியம் எங்கே இருக்கு? வாயிலதானே? கிழங்கும் அங்கேதானே போகும்!"

ஆனாலும் குட்டிகளின் ஒட்டிய வயிற்றைப் பார்த்ததும் முள்ளாயிக்கு மனசு இளகிவிட்டது. தோட்டம் தோண்டி முடித்ததும் ஒரு கூடை விதைக்கிழங்கு கொடுத்தது. கூடையைச் சுற்றி முள்ளைச் செருகியும் கொடுத்தது, கூர் வெளியே பார்க்க.

அந்த மழைக்காலம் பொல்லாத மழைக்காலம். வீட்டில் பொடிக்கிழங்கையும் காட்டு வேரையும் வேகவைத்து ஓட்டினார்கள். விதைக்கூடை நிழலில் இருந்தது. சடையன் தினமும் அதன் எதிரில் உட்கார்ந்து எச்சில் விழுங்கும். "ஒண்ணே ஒண்ணு..." என்று மூக்கை நீட்டும். முள் குத்தும். "ஐயோ!" என்று பின்வாங்கும். பசியில் சின்னக் குட்டி முனகிய அன்றைக்கு மட்டும் கரும்பாயியின் கையே கூடைக்குப் போனது. சடையன்தான் பிடித்துக்கொண்டது. "வேணாம் புள்ள. இதைத் தின்னா இன்னைக்கோட சரி," என்று சொல்லிவிட்டு, தன் பங்கு வேரைக் குட்டிக்குக் கொடுத்தது.

கிழங்கில் குட்டை குட்டையாக முளை கிளம்பியது. மழை விட்டதும் முளை மேலே பார்க்க நட்டார்கள். செடி தளதளவென்று வந்தது. சடையன் நல்ல செடியாகப் பார்த்து முள் நட்டது. முள்ளுக்குப் பஞ்சமா? சடையனின் பின்பக்கத்தில் பிடுங்கியதையெல்லாம் கரும்பாயி பத்திரமாக எடுத்து வைத்திருந்தது!

அறுவடை வந்தது. முள் நட்ட செடியில் முதல் கிழங்கைத் தோண்டியது சடையன். உள்ளங்கை நிறைந்தது. கை தன்னால் வாய்க்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"இது விதைக்கு!" என்று கூடையில் வைத்தது. ஏப்பம் மட்டும் வரவில்லை.

"என்னங்க, மறுபடியும் சுருங்கிட்டீங்களா?" என்று கேட்டது கரும்பாயி.

"ஆமா புள்ள. குகை வாசலுக்கு இந்த அளவுதான் தோது!" என்று சொல்லிவிட்டு, மற்றச் செடிகளில் தோண்டிப் போட்ட குவியலைக் குட்டிகள் பக்கம் தள்ளியது சடையன்.

நல்லதையெல்லாம் தின்றுவிட்டுக் கழிசலை விதைக்கு வைக்கிறவன், விளைச்சல் தேய்வதைப் பார்த்துத் தான் வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். நாளைக்கும் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறவனோ முதலில் விதையை எடுத்து வைத்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவான்.