ஒட்டாமல் வைத்த பெயர்

“இதுல இருபத்து நாலுக்கு மேல வைக்க வழி இருக்கா டீச்சர்?” என்று கேட்டார் சற்குணம்.

பியூலா குனிந்து திரையைப் பார்த்தாள். எக்செல் அட்டவணைக்கு இடப்பக்கம் ஒரு நீளப் பட்டை திறந்திருந்தது. காப்பி எடுத்தவை எல்லாம் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. புதிதாக எடுப்பது மேலே வந்து உட்காரும். பழையது ஒரு படி கீழே இறங்கும்.

“இல்லை அண்ணாச்சி. இருபத்தஞ்சாவது வந்தா முதல்ல வந்தது போயிரும்.”

“அதான் கேட்டேன்.”

“எல்லாத்தையும் அழிச்சிருங்க. மேல பட்டன் இருக்குல்லா.”

சற்குணம் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற இடம் அது. கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியை யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாக விட்டிருந்தார். கீழே மேளம் கொட்டும்போதும் மேலே மெஷின்கள் ஓடும். ஆறு படுக்கைகள், முப்பத்தாறு நோயாளிகள், அதற்கு வெளியே காத்திருப்போர் பட்டியல்.

ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாக வேண்டும். வராவிட்டால் உடம்பில் நீர் ஏறும், பிறகு மூச்சு முட்டும்.

யாருக்கு எந்தக் கிழமை, எந்தப் படுக்கை என்று அட்டவணை போடுவது சற்குணத்தின் வேலை. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனிதர். எந்த வண்டி எப்போது வரும், எது வராது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வார். அவருடைய மனைவி வேதவல்லி நாலு வருஷம் இங்கே வந்தாள். செவ்வாய், வெள்ளி காலை, மூன்றாம் படுக்கை. அவள் உள்ளே படுத்திருக்கும் நேரத்தில் மனிதர் வெளியே சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாரே என்றுதான் மெஷின்களை ஓட்டுகிற பியூலா அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். சிஷ்யருக்கு வயது ஐம்பத்தெட்டு, குருவுக்கு முப்பத்தொன்று. நர்ஸ் தங்கபுஷ்பம் இருவரையும் வைத்துக் கேலி பேசாத நாள் கிடையாது.

வேதவல்லி போய் ஏழு மாதம் ஆகப்போகிறது. சற்குணம் வருவதை நிறுத்தவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரமாட்டார்.

சனிக்கிழமைதோறும் அடுத்த வாரத்துக்கான அட்டவணை போடுவார். வாரத்துக்கு வாரம் ஆள் மாறும், கிழமை மாறும். அதனால் ஒவ்வொரு பெயராகக் காப்பி எடுத்து, இடப்பக்கத்துப் பட்டையில் அந்தப் பெயரைத் தட்டி, உரிய கட்டத்தில் ஒட்டுவார். பட்டை இருபத்து நாலைத் தொட்டதும், ஒட்டி முடித்த பெயர்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணுவார். முப்பத்தாறு பெயருக்கும் இதே பாடு. அரை மணி நேர வேலை அவருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

அதுகூடப் பரவாயில்லை. கம்ப்யூட்டரை அணைத்தால் பட்டை காலியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து திரையின் தலையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘தயவுசெய்து அணைக்காதீர்கள்.’ கரண்ட் போனாலும் போகாதபடி, எலக்ட்ரீஷியனைக் கெஞ்சிக் கூத்தாடி, டயாலிசிஸ் மெஷின்கள் ஓடுகிற இன்வெர்ட்டரிலேயே கம்ப்யூட்டரையும் மாட்டியிருந்தார்.

பியூலா பட்டையின் அடிவரைக்கும் நகர்த்திப் பார்த்தாள்.

கடைசியில் இருந்தது: வேதவல்லி ச.

காகிதம் எதற்கு, இன்வெர்ட்டர் எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“இதை எப்ப எடுத்தீங்க?”

“அவ இருக்கும்போது எடுத்தது. சனிக்கிழமை எடுத்தேன். ஒட்டுறதுக்குள்ள அவளே போன்ல கூப்பிட்டா, வீட்டுக்கு வாங்கன்னு. திங்கக்கிழமை விடியக்காலம் போயிட்டா.”

“பழைய அட்டவணையில எல்லாம் அக்கா பேர் இருக்கே அண்ணாச்சி.”

“அது முடிஞ்சுபோனது டீச்சர். இது இனிமே வரப்போறதுக்காக எடுத்தது.”

பியூலா எழுந்தாள். ஆறாம் படுக்கையில் மெஷின் கத்தியது, போய்விட்டாள். அன்றைக்கே அந்தப் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்று வாரம் கழிந்தது.

மூன்றாம் படுக்கையில் செவ்வாய், வெள்ளி காலை வந்துகொண்டிருந்த பெரியவர் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். இடம் காலியானது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் கனகமணி. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள், நாற்பத்திரண்டு வயது. இந்த வாரம் இடம் கிடைத்துவிடும், திங்கட்கிழமை சாயங்காலம் போன் வரும் என்று அவளிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை எல்லாப் பெயரையும் ஒட்டி முடித்துவிட்டுக் கடைசியாகக் கனகமணியைக் காப்பி எடுத்தார் சற்குணம். பட்டையின் உச்சியில் வந்து நின்றாள். ஒவ்வொரு பெயர் எடுத்த பிறகும் ஒருதரம் கீழே போய், வேதவல்லியின் பெயர் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்குப் பழக்கம். அன்றும் பார்த்தார். அட்டவணையில் செவ்வாய், வெள்ளி காலை, மூன்றாம் படுக்கை என்ற கட்டம் காலியாகத் திறந்திருந்தது. பார்க்கப் போன இடத்திலேயே விரல் தட்டி, அந்தப் பெயர் கட்டத்தில் ஒட்டிக்கொண்டது.

கட்டம் நிறைந்ததை மட்டும் பார்த்தார், வாசிக்கவில்லை; வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டார். அட்டவணை அச்சாகிச் சுவரில் ஏறியது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் போன் செய்ய உட்கார்ந்தபோது தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். அவள் கேலி பேசவில்லை. அண்ணாச்சி வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார், ஏதோ நினைவுநாள் கணக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். செத்தவளுக்குப் போன் செய்ய முடியுமா? அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனாள்.

செவ்வாய் காலை மூன்றாம் படுக்கைக்குப் புது விரிப்பு விரித்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பியூலாவும் அச்சடித்த தாளைப் பார்த்தாள். ஒரு நாள்தானே, மனிதருக்கு ஆறுதலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். மற்ற ஐந்து மெஷின்களும் ஓடின. அது மட்டும் நாலு மணி நேரம் சும்மா கிடந்தது.

கனகமணி புதன்கிழமை மத்தியானம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துபோனாள்.

வியாழக்கிழமை காலை அவளுடைய புருஷன் அய்யலுசாமி படியேறி வந்தான். கீழே முகூர்த்தம், மேளச் சத்தம். மழிக்காத முகம், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அவளுடைய பழைய மருத்துவச் சீட்டுகள். வேறு யாருக்காவது உதவுமா என்று கேட்டான். உதவாது என்று பியூலா மெதுவாகச் சொன்னாள்.

அவன் போகவில்லை. சற்குணத்தின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

“சார், ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போயிருதேன். திங்கக்கிழமை நீங்க போன் போட்டீங்களா?”

சற்குணம் அவனைப் பார்த்தார்.

“எங்க தெருவுல டவர் சரியா எடுக்காது சார். அதுக்காக அவ மாடிப்படியிலயே உக்காந்திருந்தா. திங்க சாயங்காலத்துல இருந்து செவ்வாய் பூரா போன் கையிலயேதான் இருந்துச்சு. நடுவுல சார்ஜ் போட நான்தான் ஒரு அரை மணி நேரம் வாங்கி வச்சிருந்தேன். அப்ப வந்திருக்குமோன்னு...”

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

பியூலா மருந்து அலமாரிப் பக்கம் நின்றிருந்தாள். சற்குணம் அவளைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்றோ ஆம் என்றோ அவள் தலையசைப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அசையவில்லை.

போன் வந்தது, நீங்கள் எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தேடிப் பார்க்கப் போவதில்லை. அந்த அரை மணி நேரத்தைச் சுமந்துகொண்டு இவன் ஆயுசு முழுக்க நடப்பான்.

“போன் போகலை தம்பி” என்றார் சற்குணம். “அவங்க பேரு இருக்க வேண்டிய இடத்துல என் பொண்டாட்டி பேரை ஒட்டிட்டேன். அவ செத்து ஏழு மாசமாச்சு.”

அய்யலுசாமி அடிப்பான் என்றுதான் சற்குணம் நினைத்தார், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். கீழே கல்யாணத்துக்கு வந்தவர்கள் வழி விடாமல் நிற்க, அவன் அவர்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது.

சற்குணம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“நான் இனிமே வரலை டீச்சர். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை.”

பியூலா பக்கத்தில் வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

சனிக்கிழமைக்குப் பிறகு யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. பட்டை அப்படியே திறந்திருந்தது.

உச்சியில் கனகமணி. அடியில் வேதவல்லி.

இரண்டும் உயிரோடு இருக்கும்போது எடுத்தது. ஒன்றை ஒட்டவேயில்லை. ஒன்றை ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டியாயிற்று.

“இதையும் வச்சுக்கிடுவீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டாள் பியூலா. விரல் உச்சியிலிருந்த பெயரின்மேல் இருந்தது.

சற்குணம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அதைத் திரும்பப் போடவே அவருக்கு வெகுநேரம் ஆனது.

“நானும் பாத்தேன்” என்றாள் அவள். “செவ்வாக்கிழமை. பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன்.”

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் தன் துக்கத்தை விட்டுவிட்டு இன்னொருவர் முகத்தைப் பார்த்தார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை” என்றாள் பியூலா. “மூணாம் படுக்கை காலியா இருக்கு. அடுத்து யாரு?”

காத்திருப்போர் பட்டியலை இழுத்துப் பார்த்தார். கனகமணிக்கு அடுத்த வரி.

“பிச்சம்மாள். அறுபத்தொண்ணு.”

“ம்.”

மவுஸைப் பிடித்தார். பட்டையின் மேலே அந்தப் பட்டன் இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தது. அவர் அதை ஒரே தரம் அழுத்தினார்.

இருபத்து நாலும் போயின. வெள்ளையாக ஒரு இடம் மட்டும் மிஞ்சியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிச்சம்மாளைக் காப்பி எடுத்தார், வேதவல்லி இருந்த கட்டத்தில் ஒட்டினார். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக வாசித்தார்.

திரையின் தலையிலிருந்த காகிதத்தைப் பிய்த்தெடுத்து, அதன் பின்பக்கம் பிச்சம்மாளின் நம்பரை எழுதிக்கொண்டார். போனைக் காதில் வைத்தார்.

முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.