நத்தை தின்ற வட்டம்

நத்தைக்கு முதுகில் ஓடு இல்லாத அந்தக் காலத்தில், அதற்கும் நமக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. சிரிக்காதீர்கள், இருந்தது. மணிமுத்தாற்றங்கரையில் பானை வனைகிற பூவாயியின் வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு நத்தை குடியிருந்தது. வெறும் சதைத் துண்டு. வெயில் பட்டாலே சுருண்டுபோகும், பாவம்.

பூவாயிக்கு அந்த வருஷம் மகளை நினைத்து ஒரே கவலை. மூன்று நாள் வண்டிப்பாதைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட செவந்தி முழுகாமல் இருந்தாள். பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. “அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தா ரெண்டு வாய் சோறு இறங்கும்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பெற்றவள் அனுப்பாமல் இருப்பாளா? ஆனால் மண்பானை சும்மா விடுமா! வழியெல்லாம் சாறு கசிந்து, வெளியே உப்புப் பூத்து, போய்ச் சேர்ந்தது வறட்டுத் தோல்தான்.

பூவாயி யோசித்தாள். வெள்ளைக்கல்லை இடித்துச் சாம்பல் சேர்த்து, ஒட்டுவதற்குக் கஞ்சி விட்டுக் கரைத்தாள். சுட்ட ஜாடியில் இதைப் பூசி மறுபடி சுட்டால் கண்ணாடி மாதிரி உருகிப் படியும், சொட்டுக்கூடக் கசியாது. பெற்ற மனசு, உள்ளே, வெளியே, அடிப்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் பூசினாள். அங்கேதான் வந்தது வினை. சூளையைப் பிரித்தால், உருகின பூச்சு ஜாடியைத் தரையோடு ஒட்டிவைத்திருந்தது. இழுத்தாள், அடி பெயர்ந்துவிட்டது. “அடியில பூச்சு பத்தலை, இன்னும் கனமாப் பூசு” என்றான் புருஷன் கொளஞ்சி. ஆலோசனைக்கு மட்டும் குறைச்சலே இல்லை! இரண்டாவது ஜாடி இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உடைந்தது.

மீதி இருந்தது ஒரு ஜாடிக்கு ஆகிற கல்தான். மூன்றாவது ஜாடியில், செவந்திக்குப் பிடிக்குமே என்று, காவியால் ஒரு நார்த்தங்கொத்து வரைந்தாள். அதன் மேலே பூச்சைப் பூசி, அடியிலும் விடாமல் தடவி, கொட்டகை நிழலில் கவிழ்த்துக் காயவைத்துவிட்டு விறகுக்குப் போனாள்.

திரும்பி வந்தால், ஜாடியின் அடியில் வட்டமாக வெறும் மண். பக்கத்தில் நத்தை.

“அடிப் பாவி! என் வயித்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!” என்று உப்புச்சட்டியைத் தூக்கிவிட்டாள் பூவாயி. உப்பு பட்டால் நத்தைக்கு உயிர் போய்விடும்.

“கஞ்சி வாசம் வந்துச்சும்மா” என்றது நத்தை. “ரெண்டு நாளாப் பட்டினி.”

தூக்கின கை அப்படியே நின்றது. அங்கே செவந்தியும் பட்டினிதானே. பூவாயி சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, “கல்லையும் சாம்பலையுமா தின்னே? வயிறு என்ன பண்ணுது?” என்று கேட்டாள்.

“எரியுது. அதை விடும்மா. ஊறுகாய் ஜாடிக்கு உள்ளதானே இருக்கும்? அடியில எதுக்குப் பூச்சு? தரையோட ஒட்டிக்கிட்டே திரியறவ நான். ஒட்டிக்கிற இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா?”

பூவாயி ஜாடியின் அடியைத் தடவிப் பார்த்தாள். வேறு வழியும் இல்லை. வெறும் அடியோடே ஜாடியைச் சூளையில் வைத்தாள். கரைசல் சட்டியைச் சுரண்டி எடுத்த கடைசித் துளியை என்ன செய்தாள் தெரியுமா? மண்ணைத் திரியாகத் திரித்து, சுற்றிச் சுற்றி ஒரு குட்டிக் கூடு வனைந்து, அதன்மேல் பூசினாள். அதுவும் சூளைக்குள் போனது.

மறுநாள் ஜாடி தொட்டதும் கையோடு வந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். சொட்டுக் கசிவு இல்லை. பூவாயி அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கூட்டை எடுத்து நத்தையின் முதுகில் மாட்டி, “வெயில் படாம இரு தாயி” என்றாள்.

ஜாடி நிறைய ஊறுகாயை அடைத்து வண்டியில் அனுப்பினாள். பத்தாம் நாள் வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். செவந்தி சாப்பிட்டாளாம். வயிற்றில் தங்கியதாம்.

அன்று தின்ற பூச்சு நத்தைக்கு இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் அது போகிற வழியெல்லாம் மினுமினுக்கிறது. உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலெல்லாம் பளபளக்கும், அடியில் மட்டும் வட்டமாக வெறும் மண் தெரியும். பூவாயி காலந்தொட்டு, ஜாடி பூசுகிறவர்கள் அந்த இடத்தை நத்தையின் பங்கென்று விட்டுவைக்கிறார்கள்.