வைரவனைத் தெரியாத மூன்று பேர்

நெட்டூரணி என்று ஓர் ஊர். அப்படி ஓர் ஊரே கிடையாது என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த வழியாகப் போகும்போது பஸ்ஸில் தூங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே நூலகம் உண்டு. உள்ளே ஆள்தான் போவதில்லை. ஆனால் இன்னும் அச்சாகாத புத்தகங்களைப் படிப்பதற்கென்றே அந்த ஊரில் ஒரு சங்கம் இருந்தது. அதன் பெயர் நெட்டூரணி முன்வாசகர் மன்றம்.

நாவல் எழுதுகிறவர்கள் அதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நாலு பேரிடம் காட்டி, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே இழுக்கிறது என்று கேட்டுக்கொள்வார்கள் அல்லவா? அந்த நாலு பேருக்குத்தான் முன்வாசகர் என்று பெயர். நெட்டூரணியில் மூன்று பேர்தான் தேறினார்கள்.

தலைவர் காசிலிங்கம், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தாளின் வெற்றுப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எவனாவது ஒளிந்துகொண்டு வருகிறானா என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அடுத்தவர் செண்பகம், பஸ் நிலையத்துக்கு எதிரே தையல்கடை வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் ரத்தினசபாபதி. மற்ற இருவரும் சேவைக்குப் படித்தார்கள். இவர் மட்டும் தொழில்முறை வாசகர். அதாவது, படிக்கிற நேரமெல்லாம் எழுதியவர் செலவில் பஜ்ஜி சாப்பிடுவார்.

அச்சான புத்தகத்தை மூன்று பேரும் கையால் தொடமாட்டார்கள். "அதான் அச்சாயிருச்சே, இனிமே படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று காசிலிங்கம் கேட்பார். கேட்டவர்கள் எல்லோரும் அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இவர்களிடம்தான் வைரவன் வந்து மாட்டினார்.

வைரவன் பால் சங்கத்தில் எழுத்தர். வருஷக்கணக்காக உட்கார்ந்து, உப்பளத்தில் வேலை செய்யும் முத்தழகி என்ற பெண்ணைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தார். எல்லாம் கையெழுத்து, ஒரே ஒரு பிரதி. ஜெராக்ஸ் எடுக்கலாமே என்று மனைவி விசாலாட்சி சொன்னதற்கு, ஜெராக்ஸ் கடைக்காரன் கதையைத் திருடிவிடுவான் என்று மறுத்துவிட்டார். அந்தக் கடைக்காரருக்குத் தன் கடைப் பெயர்ப்பலகையையே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பது வேறு விஷயம்.

மதுரையில் ஒரு பதிப்பாளர், முகம் பார்த்ததில்லை, போனில் பேசியதோடு சரி, நாவலைப் போடச் சம்மதித்திருந்தார். "நாலு பேரைப் படிக்க வச்சுட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துருங்க. தவறினா அடுத்த வருஷந்தான்" என்றார். பால் ஊற்ற வருகிறவர்கள்கூட "என்ன சார், புஸ்தகம் கறந்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னொரு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவரால் ஆகாது.

நாவல் தாள்கட்டைக் காசிலிங்கத்தின் கையில் கொடுத்து, மதுரையில் யாரிடம், என்றைக்குள் சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, வைரவன் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்: "அண்ணே, மூணே விஷயம். படிக்கும்போது எங்க போரடிக்குதோ, அங்க ஒரு கோடு போட்டுருங்க. கதையை யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. முக்கியமா, முகதாட்சண்யம் பார்க்காதீங்க. படிச்சு முடியற வரைக்கும் என்னை யாருன்னே தெரியாதுன்னு வச்சுக்குங்க."

"யாருன்னே தெரியாது" என்று காசிலிங்கம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். மூவர் முகத்திலும் பொறுப்பு வந்து உட்கார்ந்தது. வைரவன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். பாவம்.

முதல் சிக்கல், ஒரு நாவலை மூன்று பேர் எப்படிப் படிப்பது என்பது. ஒருவர் பின் ஒருவராகப் படித்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். "மூணாப் பிரிச்சுருவோம், அப்புறம் மாத்திக்குவோம்" என்றார் செண்பகம். துணி வெட்டுகிற கை அல்லவா, சரியாகப் பிரித்தார். ஆரம்பம் காசிலிங்கத்துக்கு, நடு செண்பகத்துக்கு, முடிவு ரத்தினசபாபதிக்கு.

மறுநாளே ரத்தினசபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்றத்துக்கு வந்தார்.

"ஏன் சார் அழுகுறீங்க?" என்று செண்பகம் கேட்டார்.

"முத்தழகிய நெனச்சா தாங்கலம்மா."

"அவளுக்கு என்ன ஆச்சு?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல."

"நானும் முன்வாசகிதானே சார்?"

காசிலிங்கம் குறுக்கிட்டார். "யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தான். நம்மகிட்ட நாமளே சொல்லிக்கிறதும் தப்பு. அழுகுறதுன்னா காரணத்தைக் காட்டாம அழுகணும்."

அதிலிருந்து ரத்தினசபாபதி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். பஜ்ஜி மட்டும் இந்தப் பக்கம் இருந்து போயிற்று.

அடுத்தது கோடு. காசிலிங்கம் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து படித்தார். இரண்டாம் அத்தியாயத்தில் லேசாகக் கொட்டாவி வந்தது. உடனே எழுந்து, சுண்ணாம்புக் கட்டியால் வாசலில் ஒரு கோடு போட்டார். இங்கே போரடித்துவிட்டது, இடத்தை மாற்றுவோம் என்று டீக்கடை பெஞ்சுக்குப் போனார். அங்கேயும் போரடித்தது, பெஞ்சில் ஒரு கோடு. பிறகு பஸ் நிலையம், ஊருணிக் கரை, ரேஷன் கடை வாசல். செண்பகமும் சுண்ணாம்போடு கிளம்பினார். அவர் கையில் இருந்தது நாவலின் நடுப்பகுதி. நாவலின் நடுப்பகுதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? கடைத்தெரு முழுக்கக் கோடாயிற்று.

கடைக்காரர்கள் விழுந்தடித்து வெளியே வந்தார்கள். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், கோடு போட்ட வரைக்கும் இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஒருவர் முன்கூட்டியே தன் கடைக் கூரையைப் பிரித்துவிட்டார். இன்னொருவர், தன் கடைக்கு முன் கோடு இல்லையே, தன் கடையை மட்டும் மதிக்கவில்லையே என்று சண்டைக்குப் போனார். அவர் கடை வாசலில் செண்பகம் உட்கார்ந்து படித்தபோது மட்டும் கதை விறுவிறுப்பாக இருந்திருக்கிறது.

வைரவனும் கூட்டத்தோடு நின்று கோடுகளை வேடிக்கை பார்த்தார். அநியாயம், இவ்வளவு இடிக்கிறார்களே என்று வருத்தப்பட்டார். "இல்ல சார், அந்த டிக்கெட் அண்ணன் ஏதோ கதை படிச்சுப் போரடிச்சு, கோடு போட்டுக்கிட்டே போறாரு" என்று டீக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. ஊருணிக் கரை வரை பார்வையை ஓட்டினார். கோடுகளை எண்ண மனம் வரவில்லை. அன்றைக்கு டீ கசந்தது.

எதிரே காசிலிங்கமே வந்தார். வைரவன் கும்பிட்டார். "அண்ணே, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

காசிலிங்கம் நின்று, அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருங்க நீங்க?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார்.

கோபமாக இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு வைரவன், தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கச் செண்பகத்தின் கடைக்குப் போனார். சட்டை அங்கேயே தொங்கியது. கையை நீட்டினார். "அது வைரவன் சார் சட்டைங்க. முன்ன பின்னத் தெரியாதவங்ககிட்டக் கொடுக்க முடியாது. உங்களுக்கு வேணும்னா அளவு எடுத்துக்கிறேன், கையத் தூக்குங்க" என்றார் செண்பகம். அளவெடுத்து முடித்ததும், "அட, வைரவன் சார் அளவேதான்! அவரும் இப்படித்தான், வயிறு கொஞ்சம் முன்னால" என்று ஆச்சரியப்பட்டார். வைரவன் வெறுங்கையோடு வெளியே வந்தார். தான் சொன்ன மூன்றாவது விஷயம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மன்றத்துக்கு ஓடினார். பகுதிகளை மாற்றிப் படிப்பதற்காக மூவரும் கூடியிருந்தார்கள். கட்டு முழுவதும் ஒன்றாகக் காசிலிங்கத்தின் அடியில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நாளைக்கு மதுரைக்குக் கொண்டு போகணும். நாவலைக் கொடுத்துருங்க" என்றார் வைரவன்.

"அது எழுத்தாளரோடது. ஊர் பேர் தெரியாதவர்கிட்டக் கொடுக்க முடியாது."

"நான்தான் அந்த எழுத்தாளர்!"

"இருக்கலாம். ஆனா எங்களுக்குத் தெரியாதே."

"தெரியாதுன்னு வச்சுக்கச் சொன்னதே நான்தான். இப்ப நானே சொல்றேன், அது வேண்டாம், தெரிஞ்சுக்குங்க."

காசிலிங்கம் பெருமூச்சு விட்டார். "தம்பி, அதைச் சொன்னவரு வைரவன் சார். அவரு வந்து வாபஸ் வாங்கணும். வழியில போறவரு வாங்க முடியுமா? அடுத்தவர் டிக்கெட்ல நீங்க பயணம் பண்ண முடியுமா?"

வைரவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தான்தான் எழுதியவன் என்று காட்டுவதற்காகக் கதையைச் சொல்லத் தொடங்கினார். முத்தழகி உப்பளத்துக்கு வந்தது, மேஸ்திரியோடு மோதியது, எல்லாம். "கடைசியில முத்தழகி யார்கிட்டயும் சொல்லாம ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டே..."

"ஐயோ, சொல்லாதீங்க! நான் இன்னும் அந்தப் பக்கம் வரல!" என்று செண்பகம் காதைப் பொத்திக்கொண்டு அலறினார்.

காசிலிங்கம் மெதுவாக ரத்தினசபாபதியின் பக்கம் திரும்பினார். "முடிவு வெளிய போயிருக்கு. முடிவைப் படிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"சத்தியமா நான் சொல்லல தலைவரே! சுவத்தைப் பார்த்துத்தானே அழுதேன்!"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருந்தா?"

விசாரணை வெகுநேரம் நடந்தது. வைரவன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று அவருக்குப் பட்டது. மூளை வேறு பக்கம் வேலை செய்தது. "அண்ணே, உங்க மன்றத்துல புதுசா ஆள் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

விசாரணை அப்படியே நின்றது. மூவரும் மலர்ந்துபோனார்கள். நாலு பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேராக இருக்கிற குறை அவர்களுக்கு ரொம்ப நாளாக உண்டு.

"எழுத்தாளர் வைரவனை உங்களுக்குத் தெரியுமா?" என்று காசிலிங்கம் கேட்டார்.

"அந்தாளு யாருன்னே தெரியாதுங்க" என்றார் வைரவன்.

"பார்த்தீங்களா, இவருதான் வாசகர்!" என்று காசிலிங்கம் எழுந்து கட்டைத் தூக்கிக் கொடுத்தார். "விடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்துரணும்" என்றார். வைரவன் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, நாவலைத் துணிப்பையில் வைத்து வைரவன் கிளம்பும்போது வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். செண்பகத்தின் கண்கள் சிவந்திருந்தன.

"வைரவன் சார், மோசம் போயிட்டோம்!" என்று காசிலிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுசா ஒருத்தன் மன்றத்துல சேந்தான். உங்க நாவலைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான். பேரைக் கேக்கக்கூட மறந்துட்டோம்."

வைரவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணே, என்னைத் தெரியுதா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? படிச்சு முடியற வரைக்கும்தானே தெரியாது? நாவலே போயிருச்சு, இனிமே எதைப் படிக்கிறது? அதனால தெரியுது."

அந்த இடத்தில் வைரவன் பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் செண்பகம் விசும்பிக்கொண்டிருந்தார். ரத்தினசபாபதி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். வைரவனுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்கக்கா, நாவல் பத்திரமா இருக்கு. இதோ பாருங்க" என்று பையைத் திறந்து காட்டினார்.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். நாவல் இருந்தது. நாவல் இருக்கிறது என்றால், இன்னும் படித்து முடியவில்லை. காசிலிங்கம் நிமிர்ந்து வைரவனின் முகத்தைப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?" என்றார். அடுத்த நொடியே, "அட, நேத்து வந்த திருடன்!" என்று கத்தினார்.

வைரவனின் கை காசிலிங்கத்தின் துண்டால் கட்டப்பட்டது. பை செண்பகத்தின் கைக்குப் போனது. சத்தம் கேட்டு வெளியே வந்த விசாலாட்சியிடம், "அம்மா, சாரைக் கூப்பிடுங்க, திருடனைப் பிடிச்சுட்டோம்" என்றார் ரத்தினசபாபதி.

"நீங்க கட்டி வச்சிருக்கிறதே அவரைத்தான்!" என்றார் விசாலாட்சி.

"பாவம், அந்தம்மாவையும் ஏமாத்தியிருக்கான்" என்று செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காசிலிங்கம் யோசித்தார். எழுத்தாளர் வீட்டில் இல்லை. நாவல் இன்றைக்கே மதுரைக்குப் போகாவிட்டால் அவருக்கு ஒரு வருஷம் போய்விடும். "நாமளே கொண்டுபோய்ச் சேத்துருவோம். போற வழியிலேயே மாத்தி மாத்திப் படிச்சு முடிச்சுருவோம்."

"திருடன்?"

"அவனும் வரட்டும். இங்க விட்டுட்டுப் போனா வைரவன் சார் வீட்டுக்குள்ளயே போய் உக்காந்துக்குவான்."

பஸ்ஸில் திருடனுக்கும் டிக்கெட் எடுத்தார்கள். திருடனாக இருந்தாலும் டிக்கெட் இல்லாமல் வரக் கூடாது என்பதில் காசிலிங்கம் கண்டிப்பாக இருந்தார். வழி நெடுக மூவரும் படித்தார்கள். முன் சீட்டின் முதுகெல்லாம் கோடு. வைரவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நாவல் எப்படியும் மதுரைக்குத்தானே போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். கடைசிப் பக்கத்துக்குச் செண்பகம் வந்தபோது பஸ் மதுரையில் நின்றது.

பொழுது சாய்வதற்குள் பதிப்பாளரின் மேஜைமேல் கட்டு போய் உட்கார்ந்தது. பதிப்பாளர் கட்டையும், துண்டில் கட்டப்பட்ட ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாவல் எப்படிங்க இருக்கு?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஆனா இந்தத் திருடன் இதுக்காக எங்க மன்றத்துலயே சேந்து, தூக்கிக்கிட்டு ஓடியிருக்கான்" என்றார் காசிலிங்கம்.

"திருடற அளவுக்கு இருக்கா? அப்ப உடனே போட்டுற வேண்டியதுதான்!" என்று பதிப்பாளர் கட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வைரவனுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. கட்டிய கையோடு எல்லோரையும் கும்பிட்டார்.

படித்து முடிந்தது. நாவலும் கைவிட்டுப் போயிற்று. காசிலிங்கம் நிம்மதியாகத் திரும்பினார். அப்படியே முகம் மலர்ந்தது.

"அட, வைரவன் சார்! நீங்க எப்ப வந்தீங்க?"

பிறகு தன் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். துண்டின் மறுமுனையில் வைரவனின் கை இருந்தது. காசிலிங்கத்தின் முகம் வெளுத்தது.

"செண்பகம், போச்சு! திருடன் கட்டை அவுத்துக்கிட்டு, சாரை மாட்டி விட்டுட்டு ஓடிட்டான்!"

மூவரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். காசிலிங்கம் மட்டும் ஒரு நிமிஷம் திரும்பி ஓடிவந்து, வைரவனின் கட்டை அவிழ்த்து, துண்டை அவர் கையிலேயே திணித்தார்.

"சார், நீங்க இங்கேயே இருங்க. அவன் இந்தப் பக்கம் வந்தா விடாதீங்க. அடையாளம் சுலபந்தான், உங்க சட்டை அளவு அவனுக்குக் கச்சிதமா இருக்கும்!"